குடும்ப வரலாறு: ஆதாரம் குறிக்கும் முறை

குடும்ப வரலாற்றில் எழுதப்படும் ஒவ்வொரு செய்திக்கும் கீழே, அது எந்த ஏட்டில், எந்தப் பத்திரத்தில், யார் வாய்மொழியில் கிடைத்தது என்று எழுதிவைப்பதே ஆதாரக் குறிப்பு. வம்சாவளிப் படம் வரைந்து பெயர்களை நிரப்புவது எளிது. இருபது ஆண்டு கழித்து அதே குடும்பத்தில் ஒருவர், “கொள்ளுப்பாட்டனார் பிறந்த ஆண்டு 1885 என்று எதை வைத்து எழுதினார்கள்?” என்று கேட்டால், படம் பதில் சொல்லாது; குறிப்புதான் சொல்லும். குறிப்பைப் படிப்பவர் அதே பதிவேட்டின் அதே பக்கத்துக்குத் தாமாகப் போய்ச் சேர முடிய வேண்டும். குறிப்பு முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க இந்த ஒரு சோதனை போதும்.

மேலைநாட்டு மரபுவழி ஆய்வாளர்கள் இதற்கென்று தனி நூல்களே வைத்திருக்கிறார்கள். எலிசபெத் ஷோன் மில்ஸ் 2007இல் வெளியிட்ட ‘எவிடென்ஸ் எக்ஸ்ப்ளெய்ண்ட்’ அவற்றில் பெயர்பெற்றது. ஆனால் அந்நூல்கள் குடும்பப் பெயர் உள்ள சமூகங்களையும், வீடுவாரியான மக்கள்தொகைப் படிவங்கள் காலப்போக்கில் பொதுப் பார்வைக்கு வரும் நாடுகளையும் மனத்தில் கொண்டவை. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் இரகசியமானவை. எனவே அவ்வழியை இங்கே தேடி நேரம் செலவிட வேண்டியதில்லை. தமிழ்க் குடும்பங்களுக்குப் பத்திரம், அழைப்பிதழ், பதிவேடு, பெரியவர் நினைவு ஆகியவையே முதன்மை ஆதாரங்கள்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

1. ஒரு தடித்த நோட்டு அல்லது கணினியில் ஓர் அட்டவணைக் கோப்பு. இரண்டில் ஒன்று போதும். பாதி அதிலும் பாதி இதிலும் எழுதக் கூடாது.

2. கிடைக்கும் ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண் ஒன்று: ஆ-1, ஆ-2 என்று. தாளின் மேல் எழுதாமல், அதை வைக்கும் உறையின் மேல் மென்மையான பென்சிலால் எழுத வேண்டும்.

3. அதே எண்ணை ஒளிப்படக் கோப்பின் பெயரிலும் சேர்க்க வேண்டும். கைப்பேசி தானாக வைக்கும் பெயரோடு விடப்பட்ட படம் மூன்று மாதத்தில் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

4. ஒரு பக்கத்தைப் படமெடுக்கும் முன் பதிவேட்டின் அட்டையையும் முதல் பக்கத்தையும் எடுக்க வேண்டும். நூலகத்தில் அவசரத்தில் விடுபடுவது பெரும்பாலும் இந்தப் படங்கள்தான். அவை இல்லாமல் உள்பக்கம் எந்த ஏட்டுக்கு உரியது என்று பிறகு சொல்ல முடியாது.

குறிப்பின் ஏழு உறுப்புகள்

எந்த ஆவணமாக இருந்தாலும் குறிப்பு கீழ்க்கண்ட வரிசையில் அமைந்தால் குழப்பம் இல்லை. ஒவ்வோர் உறுப்பையும் காற்புள்ளியால் பிரித்து, இறுதியில் முற்றுப்புள்ளி வைக்கலாம்.

1. உருவாக்கியவர்: அலுவலகம், தேவாலயம், பள்ளி, வீட்டார், நினைவுகூர்ந்தவர்.
2. ஆவண வகை: கிரயப் பத்திரம், இறப்புப் பதிவு, அழைப்பிதழ், நேர்காணல்.
3. ஆவணத்தின் நாள்: அதில் உள்ளபடியே.
4. உள்ளிடம்: தொகுதி, பக்கம், வரிசை எண், பத்தி.
5. இருப்பிடம்: எந்த நிறுவனத்தில், எந்த ஊரில், எந்த அழைப்பு எண்ணில், வீட்டில் இருந்தால் யாரிடம்.
6. பார்த்த வடிவமும் நாளும்: மூலம், சான்றிட்ட நகல், ஒளிநகல், மைக்ரோபிலிம் சுருள், இணையப் படம்.
7. மதிப்பீடு: ஒரு வரி. எழுத்து மங்கியது, ஓரம் கிழிந்தது, பிற்காலத்தில் எழுதியது போன்றவை.

ஆறாம் உறுப்பை விட்டுவிடுபவர் மிகப் பலர். மூலத்தைப் பார்க்காமல் சித்தப்பா எழுதி அனுப்பிய படியை மட்டும் பார்த்திருந்தால், “சித்தப்பாவின் கைப்படி, மூலம் பார்க்கப்படவில்லை” என்றே எழுத வேண்டும். பார்க்காத மூலத்தைப் பார்த்ததுபோலக் குறிப்பது படியில் உள்ள பிழையை மூலத்தின் தலையில் ஏற்றிவிடும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விதியை மட்டும் மனத்தில் வைப்பதாக இருந்தால், அது கண்ணால் கண்டதை மட்டுமே குறிக்க வேண்டும் என்பதாகும்.

வீட்டுத் தாள்கள்

தேடல் வீட்டுப் பரணிலும் இரும்புப் பெட்டியிலும் தொடங்குகிறது. திருமண அழைப்பிதழில் இரு வீட்டுப் பெரியவர்களின் பெயர், பூர்விக ஊர், மணமக்கள் எத்தனையாவது பிள்ளைகள், சுபதினம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். ஆனால் அது நடக்கவிருந்த திருமணத்துக்கு மட்டுமே ஆதாரம். நாள் தள்ளிப்போயிருக்கலாம்; மண்டபம் மாறியிருக்கலாம். திருமணம் நடந்ததற்கு ஆதாரம் வேண்டுமானால் மொய் நோட்டையும் பார்க்க வேண்டும். அது அன்றைக்கு அங்கே உட்கார்ந்து எழுதியது. வந்தவர் பெயரும் ஊரும் வரிசையாக இருக்கும். உறவுமுறைகளைத் தேடுபவருக்கு அழைப்பிதழைவிட அதில் கிடைப்பது அதிகம். இரண்டுக்கும் தனித்தனிக் குறிப்பு எழுத வேண்டும்.

மாதிரி: வீட்டார் வெளியீடு, திருமண அழைப்பிதழ், பார்த்திப ஆண்டு தை (நாள்), பக்கம் 1, மூத்த மகள் வசம் (ஊர்), மூலம், பார்த்த நாள் (நாள்), அச்சக முகவரி கீழே உள்ளது.

அச்சகத்தின் பெயரும் ஊரும் அழைப்பிதழின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். நாள் கிழிந்துபோன அழைப்பிதழின் காலத்தை ஊகிக்க அது உதவும் என்பதால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை உடனே நம்பக் கூடாது. பள்ளியில் சேர்க்க வயது போதாத பிள்ளைக்குத் தலைமை ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அதனால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கும் ஜாதகத்துக்கும் ஓராண்டு, ஈராண்டு வித்தியாசம் வருவதுண்டு. பணி ஏடு, ஓய்வூதியப் புத்தகம் எல்லாம் பள்ளித் தேதியையே வழிமொழிபவை. பள்ளிச் சான்றிதழோடு சேர்த்து மூன்றும் ஒத்திருந்தாலும் கணக்கில் ஓர் ஆதாரமே.

பதிவு அலுவலக ஆவணங்கள்

குடும்ப வரலாற்றுக்குப் பத்திரத்தைப் போல வளமான ஆவணம் வேறில்லை. எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர் இருவரின் தந்தை பெயர், குடியிருப்பு, தொழில், வயது என்று முதல் பத்தியிலேயே ஒரு தலைமுறை வந்துவிடும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சகோதரர்கள் அனைவரும் வரிசையாக வருவார்கள். தாய்ப்பத்திரம் இருந்தால் பாட்டன் காலம்வரை போகலாம்.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகங்களில் அசையாச் சொத்து ஆவணங்கள் 1 புத்தகத்திலும், உயில்கள் 3 புத்தகத்திலும், பிற ஆவணங்கள் 4 புத்தகத்திலும் பதிவாகின்றன. பத்திரத்தின் பின்பக்க முத்திரையில் புத்தகம், தொகுதி, பக்கங்கள், ஆவண எண், ஆண்டு ஆகிய ஐந்தும் இருக்கும். ஐந்தையும் குறிக்க வேண்டும். ஆவண எண் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்குவதால் ஆண்டு இல்லாத எண்ணால் பயனில்லை. அலுவலகத்தின் பெயரும் கட்டாயம். அதே எண் வேறோர் அலுவலகத்திலும் இருக்கும்.

மாதிரி: சார்பதிவாளர் அலுவலகம் (ஊர்), பாகப்பிரிவினைப் பத்திரம், (நாள்), 1 புத்தகம், தொகுதி (எண்), பக்கங்கள் (முதல்–வரை), ஆவண எண் (எண்)/(ஆண்டு), சான்றிட்ட நகல், பார்த்த நாள் (நாள்).

வில்லங்கச் சான்று பத்திரத்தின் சுருக்கமே. அதிலிருந்து எடுத்த செய்திக்கு வில்லங்கச் சான்றைத்தான் குறிக்க வேண்டும், பத்திரத்தை அல்ல.

பிறப்பு, இறப்புப் பதிவுகளில் ஒரு நுட்பம் உண்டு. பழைய பிறப்புப் பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்காது. ஆண் அல்லது பெண் குழந்தை, தந்தை பெயர், தெரு என்ற அளவில் நிற்கும். அந்தக் குழந்தை தம் பாட்டிதான் என்பது ஆய்வாளரின் முடிவு. பதிவு அதைச் சொல்லவில்லை. குறிப்பில், “பதிவில் பெயர் இல்லை, தந்தை பெயராலும் தெருவாலும் அடையாளம் காணப்பட்டது” என்று சேர்க்க வேண்டும். பதிவு செய்த நாளும் பிறந்த நாளும் வெவ்வேறு பத்திகளில் இருக்கும். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நேரும் பிழை.

தரமணியும் எழும்பூரும்

தென்சென்னையில் தேடலைத் தொடங்குபவருக்குத் தரமணி நல்ல இடம். மத்தியத் தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், 1970இல் தொடங்கப்பட்ட உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் நூல்களை மட்டும் திரட்டவில்லை. திருமண அழைப்பிதழ்கள், நாடக நோட்டீசுகள், கடிதங்கள் என்று மற்றவர்கள் எறிந்துவிடும் தாள்களையும் பாதுகாத்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. சென்னையிலேயே வைத்துப் பேண 1994இல் நூலகம் அமைந்தது. தனி ஒருவரின் முயற்சி இன்று ஊரார் அனைவருக்கும் ஆவணக் காப்பகமாக நிற்கிறது. அங்கே ஓர் அழைப்பிதழைக் காண்பவர் அதைச் சேர்த்துவைத்த கைகளையும் குறிப்பில் நினைவுகூர்வது தகும். எனவே நிறுவனத்தின் பெயரை முழுமையாக எழுதி, நூலகம் தரும் எண்ணையும் மாற்றாமல் சேர்க்க வேண்டும்.

அங்கே கிடைக்கும் பழைய இதழ்களிலிருந்து மரணச் செய்தியோ பாராட்டு விழாச் செய்தியோ எடுத்தால் இதழின் பெயர், வெளியான ஊர், நாள், பக்கம், பத்தி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். மைக்ரோபிலிமில் பார்த்திருந்தால் சுருள் எண்ணும் வேண்டும். இதழின் மலர் எண், இதழ் எண் இரண்டும் அட்டையில் இருக்கும். நாள் மங்கியிருந்தால் அவை கைகொடுக்கும்.

எழும்பூரில் 1909இல் கட்டிய கட்டடத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு வேறு முறை. முன்னோர் அரசுப் பணியில் இருந்திருந்தால், அல்லது நிலத்தகராறில் மனு கொடுத்திருந்தால், அரசாணையில் பெயர் வரக்கூடும். அரசாணைக்குத் துறை, எண், நாள் மூன்றும் வேண்டும். எம்.எஸ்., ஆர்.டி. போன்ற தொடர்க்குறி இருந்தால் அதையும் விடக்கூடாது. ஒரே ஆண்டில் ஒரே எண் இரு தொடர்களிலும் வரும்.

சென்னை மாகாணத்து ஆங்கிலத் திருச்சபைப் பதிவேடுகளின் படிகள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் என்/2 தொடரில் உள்ளன. 1753 பிப்ரவரி 18இல் புனித ஜார்ஜ் கோட்டைத் தேவாலயத்தில் நடந்த ராபர்ட் கிளைவ் திருமணம் போன்ற ஒன்றைக் குறிப்பவரும், கோட்டையில் உள்ள பதிவைப் பார்த்தாரா, லண்டன் படியைப் பார்த்தாரா, அச்சுநூலில் பார்த்தாரா என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வாய்மொழி

பெரியவர்களின் நினைவும் ஆதாரமே. அதையும் எழுத்தாவணம் போலவே குறிக்க வேண்டும்.

1. சொன்னவர் யார், எந்த உறவு, அப்போது வயது என்ன.
2. எந்த ஊரில், எந்த நாளில், யார் கேட்டது. ஒலிப்பதிவு இருந்தால் கோப்பின் பெயர்.
3. தாமே கண்டதா, தம் தாயோ பாட்டியோ சொல்லக் கேட்டதா.

மூன்றாவது கேள்வியைத் தனியே கேட்டாக வேண்டும். பெரியவர்கள் தாமாகப் பிரித்துச் சொல்வதில்லை. “நீங்க அப்ப அங்க இருந்தீங்களா பாட்டி?” என்ற ஒரு கேள்வி போதும். பர்மாவிலிருந்து 1942இல் நடந்தே வந்த குடும்பங்களிலும், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களிலும் தாள்கள் பல வழியில் தொலைந்திருக்கும். அங்கே இந்தக் குறிப்புகளே வரலாற்றின் பெரும்பகுதி. அவற்றை இரண்டாந்தரமாக நினைத்து விட்டுவிடுவது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

பெயர், ஊர், நாள்

பெயரை ஆவணத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தக் கூடாது; சரியான வடிவத்தைப் பகர அடைப்புக்குள் தரலாம். தமிழ்ப் பெயரைத் திருப்பிப்போட்டுத் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கும் வெளிநாட்டுப் படிவங்களைப் பின்பற்றக் கூடாது. முதலெழுத்து தந்தை பெயரா, ஊரா என்பதை ஒருமுறை விரித்து எழுதிவிட வேண்டும். பெண்களுக்குத் திருமணத்துக்கு முன்னும் பின்னும் முதலெழுத்து மாறுவதால் இரு வடிவங்களையும் வைத்துக்கொள்வது அவசியம்.

ஊர்ப்பெயருக்கும் அதே முறை: “சிங்கிள்புட் [செங்கல்பட்டு]”, “திருச்சினாப்பள்ளி [திருச்சிராப்பள்ளி]”. சைதாப்பேட்டை ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம். தென்சென்னையின் இன்றைய பல பகுதிகள் அப்போது கிராமங்கள். பழைய பத்திரங்களில் அவை செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். பத்திரத்தில் உள்ள மாவட்டத்தை இன்றைய மாவட்டமாக மாற்றி எழுதினால் அடுத்தவர் தவறான அலுவலகத்தில் தேடுவார்.

நாள்தான் அதிகம் தடுக்கும் இடம். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழ் ஆண்டு, மாதத்தோடு ஐரோப்பிய நாளையும் சேர்த்து எழுதினார். குடும்ப வரலாற்றுக்கும் அதுவே நல்ல முறை.

1. ஆவணத்தில் உள்ள நாளை முதலில் எழுதுக. மாற்றிய நாளை அடைப்புக்குள் தருக. காட்டு: சித்திரபானு கார்த்திகை 27 [1882 டிசம்பர் 11]. இது பாரதியார் பிறந்த நாள்.

2. தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பார்த்திப ஆண்டு 1885, 1945, 2005 சித்திரைகளில் தொடங்கியது. எந்தச் சுற்று என்பதை வேறு ஆதாரத்தால் உறுதிசெய்க. 1945 சுற்றின் பார்த்திப தை 1946 ஜனவரி–பிப்ரவரியில் வரும். 1945 என்று எழுதினால் பிழை.

3. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. ஜூலை முதல் டிசம்பர்வரை பசலியோடு 590, ஜனவரி முதல் ஜூன்வரை 591 கூட்டுக. பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை.

4. கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர்வரை 824, அதன்பின் 825 கூட்டுக.

5. மாதத்தை எழுத்தால் எழுதுக. 11-12 என்பது அமெரிக்க இணையதளத்தில் நவம்பர் 12 ஆகிவிடும்.

ஆதாரங்கள் முரண்படும்போது

பாரதியார் மறைந்த நாள் இதற்கு நல்ல பாடம். திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11ஆம் தேதி இரவு, நள்ளிரவு கடந்தபின். சென்னை மாநகராட்சிப் பதிவில் இருப்பது செப்டம்பர் 12. நினைவுநாள் கொண்டாடப்பட்டு வந்தது 11. தமிழக அரசு 2021இல் மகாகவி நாளாக அறிவித்ததும் 11. இரண்டு பக்கமும் யாரும் பொய் சொல்லவில்லை. பதிவேட்டுக்கு நாள் நள்ளிரவில் மாறுகிறது. வீட்டு வழக்கில் விடிந்தால்தான் மறுநாள்.

தம் குடும்பத்தில் இப்படி ஒன்றைக் காண்பவர் ஒரு தேதியை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடக் கூடாது. செய்ய வேண்டிய வரிசை:

1. இரண்டு தேதிகளையும், தனித்தனி ஆதாரக் குறிப்போடு, அடுத்தடுத்து எழுதுக.
2. எது நிகழ்ச்சிக்கு அருகில் எழுதப்பட்டது, எழுதியவருக்கு நேரில் தெரியுமா என்று பார்க்க.
3. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியதா என்று சோதிக்க.
4. வேறுபாட்டுக்குக் காரணம் தெரிந்தால் ஒரு வரியில் சொல்க.
5. முடிவை, “ஆய்வாளர் கருத்து” என்ற தலைப்பின் கீழ்த் தனியே வைக்க. காரணம் தெரியாவிட்டால், “தீர்வு இல்லை” என்று எழுதி நிறுத்துக.

இறப்பு நாள் தெரியாமல் திதி மட்டும் தெரிந்த வீடுகள் பல. திதியை மாதம், பட்சத்தோடு அப்படியே குறித்து, ஆண்டு உறுதியான பிறகே பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆங்கிலத் தேதியாக மாற்ற வேண்டும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

ஒரு பத்தி முழுவதற்கும் கடைசியில் ஒரே குறிப்பைப் போடுவது முதல் தவறு. பிறந்த ஊர் ஜாதகத்திலிருந்தும், தொழில் பத்திரத்திலிருந்தும், குணநலன் அத்தை சொல்லியும் வந்திருந்தால் மூன்று குறிப்புகள் வேண்டும். “குடும்ப ஆவணம்”, “இணையம்”, “பெரியவர்கள் சொன்னது” என்ற சொற்களோடு முடிந்துவிடும் குறிப்பு குறிப்பே அல்ல. இன்னொருவர் இணையத்தில் ஏற்றிய வம்சாவளியை ஆதாரமாகக் கொள்வதும் தவறு. அது துப்புக் கொடுக்கலாம். அந்தத் துப்பைப் பிடித்து மூலத்துக்குப் போக வேண்டும். இணையப் படத்தைக் குறிக்கும்போது முகவரியை மட்டும் எழுதினால் அது நாளை மாறிவிடும். படத்தில் இருக்கும் ஏட்டின் விவரத்தை முதலில் எழுதி, முகவரியைக் கடைசியில் சேர்ப்பது பாதுகாப்பானது.

பாதுகாப்பு

1. மூலப் பத்திரத்தை யாரிடமும், எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், கொடுத்தனுப்பக் கூடாது. பங்காளிகளுக்குள் சொத்து வழக்கு நடக்கும் வீட்டில் நகலைக் கொடுக்கும் முன்பும் வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது.

2. பழைய தாளை லேமினேட் செய்யக் கூடாது. ஒட்டும் நாடாவும் கூடாது. மடிப்பில் கிழிந்ததை அமிலமற்ற உறைக்குள் விரித்து வைத்தால் போதும். ஓலை ஜாதகத்தை வளைத்துத் திறக்கக் கூடாது.

3. உயிரோடு இருப்பவரின் பிறந்த தேதி, ஆதார் எண், முகவரி, நோய் விவரம் ஆகியவை சுற்றுக்கு விடும் பிரதியில் இடம்பெறக் கூடாது. குறிப்பில் “விவரம் ஆய்வாளரிடம்” என்று எழுதலாம். தத்தெடுப்பு, மறுமணம், கலப்பு மணம் பற்றிய செய்திகளைச் சம்பந்தப்பட்டவர் இசைவு இல்லாமல் வெளியிடக் கூடாது.

4. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்து அலமாரியின் கீழ்த்தட்டு ஆவணங்களுக்கு உரிய இடமல்ல. ஒளிப்படங்களும் குறிப்பேடும் மூன்று படிகளாக இருக்க வேண்டும்: வீட்டில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினரிடம் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று.

5. ஆண்டுக்கு ஒருமுறை குறிப்பேட்டிலிருந்து ஏதாவது பத்துக் குறிப்புகளை எடுத்து, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆவணத்தைத் தேடிப் பார்க்கும்படி குடும்பத்தில் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே குறிப்பில் விடுபட்ட உறுப்பை அன்றே சேர்க்க வேண்டும்.